எந்த வட்டு பாரிட்டி?

களப்பணியில் திரட்டிய ஒலிப்பதிவுகளை வீட்டிலுள்ள சேமிப்பு சர்வரில் வைத்துக்கொள்ளும் ஆய்வு மாணவர்கள் இன்று பலர். நான்கைந்து வன்வட்டுகள், அவற்றுள் ஒன்று பாரிட்டி. ஒரு வட்டு பழுதானாலும் மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் அவர்கள் நிம்மதியாக உறங்குகின்றனர். ஆனால் அவற்றுள் எது பாரிட்டி வட்டு என்பதை எழுதிவைத்திருப்போர் மிகச் சிலரே. அக்குறிப்பை ஆய்வு நெறியின் ஓர் அங்கமாகவே கருத வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், கேரள எல்லைக்குள் உள்ள மீனாட்சிபுரத்தை எண்ணிப் பார்க்கலாம். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர். அவ்வட்டாரத்தில் எரவாளரும் மலசரும், பரம்பிக்குளம் மலைப்பகுதியில் காடரும் வாழ்கின்றனர். இத்தகைய சமூகத்து மூதாட்டி ஒருவர் சொன்ன கதையின் ஒலிப்பதிவு அழிந்தால், அவர் மறைந்த பிறகு அதனை எந்த நிதிநல்கையாலும் மீட்க முடியாது.

1988இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரை ரெய்ட் முறைகளை வகைப்படுத்தியது. அதன் ஐந்தாம் வகையில் பாரிட்டி எல்லா வட்டுகளிலும் பகிர்ந்து வைக்கப்படுவதால் இக்கேள்வியே எழாது. வீட்டுப் பயன்பாட்டில் பரவலான அன்ரெய்ட் போன்றவை பாரிட்டிக்கெனத் தனி வட்டை ஒதுக்குகின்றன. தரவு வட்டுகளில் ஒரே இடத்திலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் பாரிட்டியில் 1, இரட்டைப்படையானால் 0. ஆகவே அவ்வட்டில் கோப்பு எதுவும் இல்லை. பிற வட்டுகளோடு சேரும்போதே அதற்குப் பொருள் பிறக்கிறது.

அன்ரெய்டில் எந்த வட்டு எந்த இடத்துக்குரியது என்ற விவரம் ஒரு யுஎஸ்பி பென் டிரைவில் இருக்கிறது. அது பழுதாகி, நகலும் இல்லையெனில், இடங்களை மனிதரே மீண்டும் ஒதுக்க வேண்டும். தரவு வட்டொன்றைத் தவறுதலாகப் பாரிட்டி இடத்தில் அமர்த்தி இயக்கினால், புதிய பாரிட்டி அதன்மேல் எழுதப்பட்டு உள்ளிருந்த பதிவுகள் அழியும். பாதுகாப்புக்கென வைத்த ஏற்பாடே அழிவுக்குக் கருவியாகிவிடும்.

அடையாளம் காண வழிகள் உண்டு. பாரிட்டி வட்டு, தரவு வட்டுகளுள் பெரியதற்குக் குறையாத கொள்ளளவு உடையதாக இருக்க வேண்டும். எல்லாம் சம அளவினவாயின் இது உதவாது. ஒவ்வொரு வட்டையும் வேறொரு லினக்ஸ் கணினியில், படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் திறந்து பார்க்கலாம். பொதுவாகத் திறக்க மறுப்பதே பாரிட்டி. ஆயினும் இரண்டு வட்டுகள் மறுத்தால் அவற்றுள் ஒன்று பழுதுற்ற தரவு வட்டாக இருக்கலாம். ஒரே வகைக் கோப்பு முறைமை கொண்ட வட்டுகள் ஒற்றைப்படையில் இருந்தால், கணக்கின் விளைவாகப் பாரிட்டியிலும் அம்முறைமையின் அடையாளம் தோன்றக்கூடும். தரவு வட்டு ஒன்றே ஒன்றாயின் பாரிட்டி அதன் அச்சு அசலான நகலாகவே இருக்கும். இரண்டாம் பாரிட்டி வைத்திருப்போருக்குத் தரவு வட்டுகளின் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். எந்நிலையிலும் ‘ஃபார்மட்’ பொத்தானைத் தொடலாகாது.

இத்தனை ஊகங்களையும் ஒரு தாள் தேவையற்றதாக்கிவிடும். வட்டின் மேலுள்ள தொடர் எண், அதன் இடம், அமைத்த நாள்: இம்மூன்றையும் எழுதி, ஒரு படியைக் களக்குறிப்பேட்டிலும் மற்றொன்றை நெறியாளரிடமும் வைக்கலாம். தகவலாளியின் வயதையும் ஊரையும் பிழையின்றிக் குறிக்கப் பயிற்றுவிக்கும் துறைகள் இதையும் பயிற்றுவிக்க வேண்டும். பாரிட்டி காப்புப்படிக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும். தவறுதலாக நீக்கிய கோப்பையோ, தீயில் எரிந்த சர்வரையோ அது மீட்டுத் தராது. வேறோர் ஊரில் ஒரு முழுப் படி இருந்தாக வேண்டும். தம் குரலை நம்பிக் கொடுத்தவர்களுக்கு ஆய்வுலகம் பட்டிருக்கும் கடனில் இது மிகச் சிறிய பங்கு.