ஈரநிலங்கள் யார் பொறுப்பில்?

‘இயற்கை சார்ந்த தீர்வுகள்’ என்னும் சொற்றொடர் இப்போது நகரத் திட்ட ஆவணங்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. 2022 மார்ச்சில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை அதற்கு வரையறை வகுத்தது. இயற்கை அமைப்புகளைப் பாதுகாப்பதும் அதனால் மக்கள் பயன்பெறுவதும் ஒருசேர நிகழ வேண்டும் என்பதே அதன் சாரம். ஆட்சியாளர்கள் இச்சொல்லைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டுள்ளனர். சொல்லை ஏற்பதற்குச் செலவில்லை அல்லவா!

இத்தகைய தீர்வு எப்படி இயங்கும் என்பதை எந்த ஆலோசனை நிறுவனத்திடமும் கொல்கத்தா கேட்டறிய வேண்டியதில்லை. நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேரில் ஈரநிலங்கள் பரந்துள்ளன. நாள்தோறும் ஏறத்தாழ 70 கோடி லிட்டர் கழிவுநீர் நகரிலிருந்து கால்வாய்கள் வழியே அத்திசையில் செல்கிறது. ஆழமற்ற குளங்களில் அது தேக்கப்படும்போது நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. வெயிலில் பாசி பெருகுகிறது. பாசி மீன்களுக்கு இரையாகிறது. வெளியேறும் நீர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கும் அதிகமான மீன் நகரச் சந்தைகளுக்கு வருகிறது. பெரும் பொருட்செலவில் கட்டப்பட்டு, மின்சாரத்தை விழுங்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்யும் பணியை இக்குளங்கள் செய்துவருகின்றன.

ஆனால், இதை இயற்கை தானே செய்துவிடுவதில்லை. எப்போது எவ்வளவு கழிவுநீரை உள்ளே விடுவது, எத்தனை நாள் வெயிலில் தேக்கியபின் மீன்குஞ்சுகளை இடுவது, அலை கரையை அரிக்காதிருக்க ஆகாயத்தாமரையை எங்கே வளர்ப்பது என்பவையெல்லாம் மீனவத் தொழிலாளர்கள் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு. 1980களில் இதை ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த மாநில அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ், இந்த உழைப்பாளர்களின் அறிவையே முதன்மையாக வலியுறுத்தினார்.

இந்நிலத்தின்மீது மனைவணிக மூலதனத்தின் கண் விழுந்து நெடுங்காலம் ஆகிறது. சால்ட் லேக் நகரமே 1960களில் நீர்நிலைகளைத் தூர்த்து எழுப்பப்பட்டதுதான். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் நிலப் பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. 2002இல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. 2006இல் மாநிலச் சட்டமும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் குளங்கள் தூர்க்கப்படுகின்றன. சட்டத்தை மீறுவதற்கு முன்பே தொழில் நசுக்கப்படுகிறது என்பதே இதன் சூட்சுமம். கால்வாயில் வண்டல் படிந்தால் குளத்துக்கு நீர் வராது. நீர் வராத குளத்தில் மீன் வளர்ப்பு நட்டமாகும். பிறகு அது ‘பயனற்ற நிலம்’. அடுத்து வேலி, அதற்கடுத்து அடுக்குமாடி.

கழிவுநீரை அனுப்புவது மாநகராட்சி. கால்வாய்களைப் பராமரிப்பது பாசனத் துறை. ஈரநிலத்துக்கோ தனி ஆணையம். வண்டலுக்கு யார் பொறுப்பு என்று மீனவர் கேட்டால், கைகள் ஒன்றையொன்று சுட்டுகின்றன.

1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், உள்ளாட்சிகளுக்கு உரியனவாக 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் முதலாவது நகரத் திட்டமிடல். சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அவற்றில் ஒன்று. எனினும், பெரும்பாலான நகரங்களில் திட்டமிடல் இன்றும் மாநில அரசின் வளர்ச்சி ஆணையங்களிடமே உள்ளது. போதாதென்று, 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் நூறு நகரங்களில் தனி நிறுவனங்களை உருவாக்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றங்களை ஓரங்கட்டியது. அகமதாபாத் இதற்கு முன்னோடி. அங்கே 1997இல் அமைக்கப்பட்ட தனி நிறுவனம் சபர்மதியின் இரு கரைகளையும் கான்கிரீட்டால் கட்டியது. கரையோரக் குடிசைவாசிகள் புறநகருக்கு அகற்றப்பட்டனர். ஆற்றிலோ நர்மதைக் கால்வாய் நீர் நிரப்பப்பட்டது. ‘பசுமை’ என்ற பெயரில் இதே வழிமுறை ஈரநிலங்களுக்கும் வந்தால் மீனவர்களின் கதி என்னவாகும்?

எனவே, உள்ளாட்சிகளுக்குப் பொறுப்புடன் நிதியும் பணியாளர்களும் அளிக்கப்பட வேண்டும். கால்வாய்த் தூர்வாரும் செலவு நகரின் கழிவுநீர்ச் செலவில் நிரந்தர இனமாக்கப்பட வேண்டும். ஈரநில நிர்வாகத்தில் மீனவர் கூட்டுறவுகளுக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். மாமன்றங்களில் உள்ள நம் தோழர்கள், அடுத்த நிதிநிலை அறிக்கையில் பூங்கா அழகுபடுத்தலுக்கு எவ்வளவு, இக்கால்வாய்களுக்கு எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.