கல்வாழைக்குப் பெயர் வேண்டும்

கல்வாழை என்றதும் நம்மில் பலருக்குக் கிணற்றடியும், பாத்திரம் கழுவிய நீர் தேங்கும் பள்ளமுமே நினைவுக்கு வரும். யாரும் நட்டதாக நினைவிராது. யாரும் நீர் ஊற்றியதும் கிடையாது. ஆயினும் ஆண்டு முழுதும் சிவப்பாய்ப் பூத்து நிற்கும். தானே வளரும் செடிக்கு மதிப்புக் கொடுக்கும் வழக்கம் நமக்கு இல்லை. அதனால்தான் விடுதிக்காரர்களும் புதுவீடு கட்டுவோரும் கல்வாழைக் கன்றுகளை விலை கொடுத்து வாங்கத் தொடங்கிய பிறகும், உழவர்கரைப் பக்கத்துச் சிறு உழவர்களில் பலர் இதை ஒரு பயிராக எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இன்ன இரகம் என்று பெயர் சொல்லத் தெரியாத கல்வாழையை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

உழவர்கரையின் இன்றைய நிலையை இவ்வூராருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரெட்டியார்பாளையம், மூலக்குளம், இலாசுப்பேட்டை என்று வரிசையாக வீடுகள் எழுந்து நகராட்சியாகிவிட்ட ஊர் இது; பெயரில் மட்டும் உழவர் அப்படியே இருக்கிறார். பலரிடம் மிஞ்சியிருப்பது வீட்டுமனைகளுக்கு நடுவே பத்துச் சென்ட், இருபது சென்ட். நெல்லுக்கு வாய்க்கால் நீர் வருவதில்லை, கரும்பு ஏற்ற வண்டி போக வழியில்லை. பக்கத்து வீடுகளின் கழிவுநீர் மட்டும் தவறாமல் வந்து சேருகிறது. ஈரமும் நல்ல வெயிலும் உள்ள அத்தகைய மூலையில் வளர்ந்து விலையும் போகக்கூடிய செடிகள் மிகச் சில. அவற்றுள் முதலாவது கல்வாழை.

“பூக்கடையில் எடுக்காத பூவை வைத்து என்ன செய்வது?” என்று உழவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கல்வாழைப் பூ ஓரிரு நாளில் வாடிவிடும். சரம் தொடுக்க உதவாது, தூரப் பயணம் தாங்காது. பூவுக்காக இதைப் பயிரிடச் சொன்னால் அது தவறான யோசனை. விற்க வேண்டியது கிழங்கையும் பையில் வளர்த்த கன்றையுமே. இன்று அலங்காரச் செடிகள் ஆந்திரத்தின் கடியம் நாற்றங்கால்களிலிருந்து தென்னாடு முழுவதற்கும் லாரிகளில் போகின்றன. உள்ளூரில் எடுத்த ஈரக் கிழங்கு அதைவிட விரைவில் வேர் பிடிக்கும் என்பது நமக்குச் சாதகம்.

இரகங்களைப் பற்றிச் சொல்லுமுன் இச்செடியின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். இதன் விஞ்ஞானப் பெயரில் ‘இண்டிகா’ என்று இருந்தாலும் இது இந்தியாவின் செடி அன்று. தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். கிணற்றடியில் நாம் காண்பது அந்த மூலச் செடியே. சிறிய சிவப்புப் பூ, ஆளுயரத் தண்டு, முள்போன்ற மேல்தோல் கொண்ட காய், அதற்குள் துப்பாக்கி ரவையைப் போலக் கறுத்து இறுகிய விதைகள். தோட்டக் கல்வாழை பிறந்ததோ, நம் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டில். சிலி நாட்டில் பிரெஞ்சுத் தூதரகப் பணியில் இருந்து திரும்பிய தியோடர் அன்னே என்பவர், பாரிசை அடுத்த பாசியில் 1848ஆம் ஆண்டளவில் முதல் கலப்பினத்தை உண்டாக்கினார். அது இலையழகுக்காக வளர்த்த உயரச் செடி. பிறகு லியோன் நகரத்துக் குரோசி, செடியைக் குட்டையாக்கிப் பூவைப் பெரிதாக்கினார். 1890களில் இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்தில் ஸ்ப்ரெங்கர், அமெரிக்கச் சதுப்புநிலக் கல்வாழை ஒன்றைக் கலந்து, ஆர்க்கிட் பூப்போல அகன்று தொங்கும் பூக்களைக் கொண்டுவந்தார். நம் நாட்டில் கல்கத்தா அலிப்பூரில் உள்ள வேளாண்-தோட்டக்கலைச் சங்கத்தில் பெர்சி-லங்காஸ்டர் குடும்பத்தார் இச்செடியில் உழைத்தனர். லக்னோ தேசியத் தாவரவியல் தோட்டத்தில் டாக்டர் கோஷூ குழுவினர் இதன் இனக்கீற்றுகளை ஆராய்ந்தனர்.

அந்த ஆராய்ச்சியில் உழவருக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கிணற்றடிச் செடியின் உயிரணுவில் இனக்கீற்றுகள் 18. தோட்ட இரகங்களில் பல 27 கொண்டவை. இவை மலடு, விதை பிடிப்பதில்லை. காய் பிடிக்காததால் பூப்பது ஓய்வதில்லை, அதுவே தோட்டக்காரருக்கு இலாபம். ஆனால் இவற்றைக் கிழங்கு மூலமே பெருக்க முடியும். விதை தரும் இரகங்களிலும் விதைச் செடி தாயைப் போல வருவதில்லை. எனவே ‘கலர் கானா விதை’ என்று யாரேனும் பொட்டலம் விற்றால், வேடிக்கைக்கு வாங்கலாமே தவிர வியாபாரத்துக்கு வாங்கக் கூடாது. கிழங்கு வழிப் பெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு; தாயிடம் உள்ள நோயும் தவறாமல் பிள்ளைக்குப் போகும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சிறு உழவருக்கு நான்கைந்து போதும். இரண்டு அடிக்குள் நிற்கும் குட்டை இரகத்துக்கு ‘லூசிபர்’. சிவப்புப் பூவுக்கு மஞ்சள் விளிம்பு. தொட்டிக்கும் வாசல் ஓரத்துக்கும் இதையே கேட்பார்கள். மூன்று, நான்கு அடியில் ‘பிரெசிடென்ட்’ நல்ல சிவப்பு. ‘ரிச்சர்ட் வாலஸ்’ மஞ்சள். ‘சிட்டி ஆப் போர்ட்லண்ட்’ இளஞ்சிவப்பு. மூன்றும் பச்சை இலை உடையவை. சுவர் மறைக்க உயரம் வேண்டுவோருக்கு ‘வயோமிங்’. செம்பு நிற இலையும் ஆரஞ்சுப் பூவுமாக ஐந்து, ஆறு அடி வரும். இதை நிழலில் வைத்தால் செம்பு நிறம் மங்கிப் பச்சையோடும்; பிறகு வாங்கியவர் சண்டைக்கு வருவார். இலையழகுக்குப் ‘பெங்கால் டைகர்’. பச்சை இலையில் நரம்பை ஒட்டி மஞ்சள் கோடுகள் ஓடும், பூ ஆரஞ்சு.

ஆர்க்கிட் பூ வகையை நான் சிபாரிசு செய்வதில்லை. பூ கையகலம் இருக்கும், படத்தில் பார்க்க மயக்கும். ஆனால் இதழ் மெல்லியது. பங்குனி, சித்திரை வெயிலில் காலையில் மலர்ந்தது உச்சிக்குள் துவண்டுவிடும். வெள்ளைக் கல்வாழை என்று விற்பதையும் நம்ப வேண்டாம்; அவை இளமஞ்சளாய் விரிந்து சந்தன நிறத்துக்கு வெளுப்பவை. நீலம் என்று யாராவது சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

‘கிளியோபாட்ரா’ என்ற இரகத்துக்கு மட்டும் தனி எச்சரிக்கை தேவை. மஞ்சளும் சிவப்பும் ஒரே கொத்தில், சில சமயம் ஒரே பூவில் பாதிப்பாதியாக வரும். பச்சை இலையில் கருஞ்சிவப்புப் பட்டைகள் தெரியும். ஒரு செடிக்குள் இருவகைத் திசுக்கள் கலந்து நிற்பதால் ஏற்படும் விந்தை இது. நிலையானது அன்று. முழுப் பச்சையாக வந்த தண்டின் கிழங்கை வெட்டி விற்றால், வாங்கியவர் வீட்டில் மஞ்சள் பூ மட்டுமே பூக்கக் கூடும். பட்டை தெரியும் தண்டுகளை மட்டும் பெருக்கி, மற்றவற்றை அகற்ற வேண்டும்.

இப்போது நோய். கல்வாழையின் பெரிய எதிரி புழுவோ பூச்சியோ அன்று, நச்சுயிரி. இலையில் மஞ்சள் தேமல், நரம்பை ஒட்டிய கீற்றுகள், பிறகு அவை பழுப்பாகிக் கருகுதல், பூ சிறுத்து வரி வரியாக நிறம் உடைதல் ஆகியவை இதன் அடையாளங்கள். மருந்து கிடையாது. நோய்க் கிழங்கை வெட்டி விற்றே இது உலகெங்கும் பரவியது. வருத்தம் தரும் செய்தி என்னவெனில், தேமல் பிடித்த செடியையே ‘வரி இலை இரகம்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த சிறு உழவர் ஒருவர் அப்படி ஒரு நாற்றங்காலில் நம்பிக்கையோடு வாங்கி நட்டார். இரண்டாம் ஆண்டு பாத்தி முழுதும் தோண்டி எரிக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் போனது கிழங்கு விலை மட்டுமன்று, இரண்டு ஆண்டுகளும்தான்.

வேறுபாட்டைக் கண்டறிவது கடினமன்று. பெங்கால் டைகரில் கோடுகள் நடுநரம்பிலிருந்து விளிம்பு வரை ஒழுங்காக, எல்லா இலைகளிலும் ஒன்றுபோல் ஓடும். செடி கொழுத்து நிற்கும். நோயில் கோடுகள் விட்டுவிட்டு, திட்டுத்திட்டாக, இலைக்கு இலை மாறித் தெரியும். முதிர்ந்த இலையில் கோடு இருந்த இடமே கருகும். ஐயம் இருந்தால் வாங்காமல் திரும்புவதே நல்லது.

வாழை வைத்திருப்போர் இதை இன்னும் கருத்தில் கொள்ள வேண்டும். வெள்ளரித் தேமல் நச்சுயிரி கல்வாழையையும் தாக்கும், வாழையையும் தாக்கும். அசுவினி அதை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும். வாழைத் தோப்பின் ஓரத்திலும், வெள்ளரி, பூசணிக் கொடிகளின் அருகிலும் கல்வாழை வேண்டாம். அழகுக்காக வரப்பில் வைத்த நாலு செடி, வயிற்றுப் பிழைப்பான வாழையைக் கெடுக்க இடம் தரக் கூடாது.

சாகுபடி எளிது. மண்ணைக் கிளறித் தொழு உரம் கலந்து, இரண்டு மூன்று கண் உள்ள கிழங்குத் துண்டை மூன்று அங்குல ஆழத்தில் படுக்கையாக வைத்து மூட வேண்டும். வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. ஒரு சென்டுக்குச் சுமார் 145 துண்டுகள் பிடிக்கும். உயர இரகமானால் இடைவெளியைக் கூட்டவும். நம் பகுதியில் ஆனி, ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது. அதைத் தரையோடு அறுத்தால் பக்கத்தில் புதுத் தண்டு எழும்பும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரிக்காவிட்டால் கிழங்குகள் நெருக்கிப் பூ சிறுக்கும். இரகத்துக்கு இரகம் பாத்தியைப் பிரித்து, இடையில் மூன்றடி வெறும் இடம் விட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய தகடு ஊன்ற வேண்டும். பூக்கும்போதே மாறுபட்ட செடியைப் பிடுங்கிவிட வேண்டும். பூ உதிர்ந்தபின் அடையாளம் தெரியாது. ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் வெட்டும் கத்தியைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் கழுவ வேண்டும்.

கழிவுநீரைப் பற்றியும் ஒரு சொல். கல்வாழையின் வேர்கள் அழுக்கு நீரின் சத்துகளை உறிஞ்சும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதே. ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிலையத்தார் கிராமக் கழிவுநீரைச் சரளைக்கல் படுகையில் விட்டு, கல்வாழை போன்ற செடிகளின் வேர்வழியே ஓடச்செய்து, பாசனத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். படுகை இல்லாமல் வெறும் பள்ளத்தில் இரண்டு செடி வைத்துவிட்டு நீர் சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவது ஏமாற்றம். கொசுதான் பெருகும். தென் அமெரிக்காவிலும் வியட்நாமிலும் இதன் ஓர் இனத்தின் கிழங்கு மாவை உண்பது உண்மை. ஆனால் சாக்கடை நீரில் வளர்ந்ததன் கிழங்கை உண்ணவோ, இலையை மாட்டுக்குப் போடவோ வேண்டாம்.

அரசினருக்கும் ஒரு வேண்டுகோள். பூங்காவுக்கும் சாலைத் தடுப்புக்கும் செடி வாங்கும்போது ‘கானா, பல நிறம்’ என்று பட்டியலில் எழுதுவதை விட்டு, இரகப் பெயரும் உயரமும் நோயின்மையும் கேட்டு எழுத வேண்டும். அப்படிக் கேட்டால், பெயரோடு வளர்த்த உள்ளூர் உழவருக்கும் கலந்து கொட்டிய வியாபாரிக்கும் ஒரே விலை கிடைக்கும் நிலை மாறும். தோட்டக்கலைத் துறை ஐந்தாறு இரகங்களின் நோயற்ற தாய்க் கிழங்குகளைப் பராமரித்து வழங்குமானால் அது பெரிய உதவி. மானியம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாய்ச்செடி வேண்டும்.

பிரிக்கும்போது மிஞ்சும் கிழங்குகளை வாய்க்காலில் எறியாதீர்கள். அவை நீரோடு போய் ஊசுட்டேரி போன்ற ஏரிகளின் கரையில் வேர் பிடித்தால் அகற்றுவது கடினம். வெயிலில் உலர்த்தி எரித்துவிடலாம். தேமலா, வரியா என்று ஐயம் எழுந்தால், இளம் இலை ஒன்றும் முதிர்ந்த இலை ஒன்றும் ஈரத்துணியில் சுற்றிக் குரும்பாபேட் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு நடவு செய்யலாம்.