ரூ.120 நிவாரணமும் 3 ஆண்டுக் காத்திருப்பும்

கேரளத்தில் பட்டதாரிகள் பதிவை ஒத்திப்போடுவதால் நேரும் நஷ்டம்

திருவனந்தபுரம்: பல்கலைக்கழகத் தேர்வு முடிவு வெளியானதும் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "அடுத்து என்ன?" என்பதுதான். மகன் கடையில் உட்காருவதா, எம்.ஏ. சேருவதா, பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பதா என்று வீட்டில் விவாதம் நடக்கும். எம்ப்ளாய்மெண்டில் பெயர் பதிவது மட்டும், "அதனால் என்ன கிடைத்துவிடப் போகிறது?" என்று தள்ளிப்போகும். அந்த அலட்சியத்துக்கு என்ன விலை என்பது மூன்று ஆண்டு கழிந்த பிறகே பலருக்குத் தெரிய வருகிறது.

கேரளத்தில் வேலையில்லாதோருக்கு நிவாரணத் தொகை வழங்கும் திட்டம் 1982-ல் தொடங்கியது. தொகை மாதம் ரூ.120 என்ற அளவில் நெடுங்காலமாக நின்றுவிட்டது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ரூ.1,440. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவருக்கும் பட்டதாரிக்கும் ஒரே தொகைதான். பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி, கார்ப்பரேஷன் வாயிலாக இது பட்டுவாடா ஆகிறது.

தொகை சொற்பமானாலும் நிபந்தனைகள் சொற்பமல்ல. மனுதாரர் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும். 18 வயது நிறைந்த பிறகு 3 ஆண்டு எம்ப்ளாய்மெண்ட் பதிவேட்டில் அவர் பெயர் விடாமல் இருந்திருக்க வேண்டும். வயது 35-ஐத் தாண்டக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.12,000-க்கு மேல் போகக் கூடாது. சொந்த வருமானம் மாதம் ரூ.100-க்குள் இருக்க வேண்டும். படித்துக்கொண்டிருப்பவருக்கு இந்தத் தொகை இல்லை.

இரு மாணவர், இரு கணக்கு

இதில் 3 ஆண்டு நிபந்தனையைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் படித்த இரு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு பெயரைப் பதிந்து, 3 ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் புதுப்பித்து வந்தார். மற்றவர் பி.ஏ. முடித்த பிறகே எம்ப்ளாய்மெண்டுக்குப் போனார். முதலாமவர் 21 வயதில் பட்டம் பெறும்போதே 3 ஆண்டு நிபந்தனை பூர்த்தியாகிவிடுகிறது. இரண்டாமவரோ 24 வயது வரை காத்திருக்க வேண்டும். படிப்பு ஒன்று, வறுமை ஒன்று. பதிந்த தேதிதான் வேறு.

இது நிவாரணத்தோடு நிற்பதுமல்ல. கேரள அரசு அலுவலகங்களில் 179 நாள் வரையிலான தற்காலிக நியமனங்களுக்கு எம்ப்ளாய்மெண்டிலிருந்தே பெயர்ப் பட்டியல் போகிறது. அங்கே பதிவு மூப்புக்கு மதிப்புண்டு. புதுப்பிக்க மறந்தால் அந்த மூப்பு போய்விடும்.

33 நாள் கூலி

வருமான வரம்பு இன்னும் விசித்திரமானது. ஆண்டுக்கு ரூ.12,000 என்றால் மாதம் ரூ.1,000. 2025-26-ல் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கேரளத்துக்கு நிர்ணயித்த நாள் கூலி ரூ.369. வீட்டில் ஒருவர் 33 நாள் மண் சுமந்தாலே வரம்பு கடந்துவிடுகிறது. மீதமுள்ள 332 நாளும் அடுப்பு எப்படி எரியும் என்று விதி கேட்பதில்லை. சுமை தூக்கும் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் உண்மை வருமானத்தைச் சொன்னால் அவர்கள் பிள்ளைக்கு நிவாரணம் இல்லை. ஏழைக்கென வகுத்த விதி உழைக்கும் ஏழையை வெளியே நிறுத்துகிறது.

"ஊரில் பதிந்தால் என்ன?" என்று கேட்கும் தமிழர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2006-ல் தொடங்கிய திட்டத்தில் தொகை கூடுதல்தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவருக்கு மாதம் ரூ.300, பிளஸ் டூவுக்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600 என்று நிர்ணயித்தார்கள். வருமான வரம்பும் ரூ.72,000. ஆனால் பதிந்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே படித்து அங்கேயே குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும். வெளிமாநிலத்தில் படித்தவரானால் பெற்றோர் தமிழ்நாட்டில் 15 ஆண்டு வசித்திருக்க வேண்டும்.

ஆகவே, சாலைத் தமிழ்ப் பள்ளியிலும் யூனிவர்சிட்டி காலேஜிலும் தமிழ் படித்த மாணவர், தகப்பனாரும் இங்கேயே பிழைப்பவரென்றால், தமிழ்நாட்டு விதிக்குள் வரமாட்டார். கேரள விதிக்குள்ளோ தகப்பனாரின் கூலி வரவிடாது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்தபோது வகுத்த எல்லைக்கு இருபுறமும் உறவு வைத்திருப்பவர்களுக்கு, இரு மாநிலத்திலும் உரிமை இல்லாத நிலை இப்படித்தான் நேர்கிறது.

பிற நாட்டு நடைமுறை

பிரிட்டனில் வேலையில்லாதோர் காப்பீட்டுக்கு 1911-லேயே சட்டம் வந்தது. சந்தா கட்டியவருக்கு அந்த உதவி. கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளைஞர் சந்தா ஏதும் கட்டியிருக்க மாட்டார். எனினும் கையில் வசதி இல்லாதவரானால் 'யூனிவர்சல் கிரெடிட்' என்ற உதவிக்கு அவர் மனுச் செய்யலாம். முதல் தொகை கைக்கு வரச் சுமார் 5 வாரம் ஆகும். அந்த 5 வாரமே அதிகம் என்று அங்கே கண்டனம் எழுந்தது. இங்கே 3 ஆண்டு! பிரிட்டனைப் போல் செலவிட ஒரு மாநில அரசால் இயலாது என்பது உண்மை. ஆனால் படிப்பு முடிந்த முதல் ஆண்டுதான் பட்டதாரிக்கு மிக நெருக்கடியான ஆண்டு என்பதை அந்த நாட்டு ஏற்பாடு புரிந்துகொண்டிருக்கிறது. தேர்வுக் கட்டணம், பஸ் கட்டணம், புத்தகம் எல்லாம் தேவைப்படுவது அப்போதுதான்.

நிலைமையின் கடுமையை மத்திய அரசின் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பு காட்டியது. 15 முதல் 29 வயது வரையிலானோரில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் இந்தியாவில் 10.2 சதவீதம், கேரளத்தில் 29.9 சதவீதம். பெண்களில் இது 47.1 சதவீதம். 1991-ல் முழு எழுத்தறிவு பெற்றதாகப் பிரகடனம் செய்த மாநிலத்தின் நிலை இது. 2021 பிப்ரவரியில் பி.எஸ்.சி. ராங்க் பட்டியலில் இடம்பெற்றவர்கள் தலைமைச் செயலகத்தின் முன் நாள்கணக்கில் போராடியதும் நினைவிருக்கும். பட்டியலில் பெயர் வந்தால்கூட அது காலாவதியாகுமுன் நியமனம் கிடைக்கும் என்ற நிச்சயமில்லை.

2025 அக்டோபரில் கேரள அரசு, தொழிற்பயிற்சி பெறும் அல்லது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞருக்கு மாதம் ரூ.1,000 என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. ரூ.120 போதாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். பழைய திட்டத்திலும் 12,000 ரூபாய் வரம்பை இன்றைய கூலிக்கு ஏற்ப உயர்த்துவதும், பட்டதாரிகளுக்குக் காத்திருப்புக் காலத்தைக் குறைப்பதும் நியாயம். அண்டை மாநிலத்தில் படித்த தமிழர் விஷயத்தில் இரு அரசுகளும் பேசி ஒரு முடிவுக்கு வருவதும் அவசியம்.

விதி மாறும் வரை குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் கைக்கு வந்ததுமே பதிவை முடிக்க வேண்டும். இப்போது இணையம் வழியாகவும் பதியலாம். பட்டம் பெற்றதும் அதைப் பழைய பதிவிலேயே சேர்க்க வேண்டும். புதுப்பிக்கும் மாதத்தைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால், தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர்களுக்கென பி.எஸ்.சி. தனியாக நடத்தும் தேர்வுகளையும் கவனிக்கலாம். ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் போட்டி சாமானியமல்ல. 2024-ல் பட்டதாரிகளுக்கான 8,113 இடங்களுக்கு 58 லட்சத்துக்கு மேல் மனுக்கள் வந்தன.

இத்தனை பேர் நிற்கும் வரிசையில், பதிவதற்குச் செலவு ஏதுமில்லை. பதியாமல் விட்ட ஆண்டுகளைப் பிறகு எந்த சிபாரிசாலும் திரும்பப் பெற முடியாது.