பிரிக்கும் முன் பிடித்துப் பார்

போன மாதம் தங்கை மகன் வந்திருந்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய பைக். முகம் வாடியிருந்தது.

“மாமா, கிளட்சை முழுசாப் பிடிச்சாலும் ஃபர்ஸ்ட் கியர்ல வண்டி மெல்ல நகருது. நியூட்ரல் விழ மாட்டேங்குது. நேத்து சிக்னல்ல ஒரு பாட்டிம்மாவை இடிச்சிருப்பேன். மெக்கானிக், இஞ்சினைப் பிரிச்சு கிளட்ச் பிளேட் செட்டையே மாத்தணும்ங்கறார். 18,000 ரூபாயாம்.”

“கிளட்ச் ஆயிலைப் பார்த்தாரா?”

“கிளட்சுக்குத் தனியா ஆயிலா மாமா?”

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் அல்ல, அந்த மெக்கானிக் மேல்.

நாம் ஓட்டிய புல்லட், ராஜ்தூத்துக்கெல்லாம் கிளட்ச் கேபிள்தான். தொய்ந்தால் அட்ஜஸ்டரைத் திருப்பினால் போதும். இவன் வண்டியில் கேபிளே கிடையாது. லீவரைப் பிடித்தால் ஹேண்டில்பாரில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் ஹோஸ் வழியாகப் போய், இஞ்சின் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அதுதான் பிளேட்டுகளைப் பிரிக்கிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். உள்ளே காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் லீவரின் அசைவில் ஒரு பகுதி அதை அமுக்குவதிலேயே போய்விடும். பிளேட் அரைகுறையாகத்தான் பிரியும்.

லீவரைப் பத்து தடவை வேகமாகப் பிடித்து விடச் சொன்னேன். பிறகு பிடித்தபடியே கியர் போட்டான். வண்டி நகரவில்லை! பிளேட் வளைந்திருந்தால் இப்படிச் சரியாகுமா?

ஆயில் கப்பைத் திறந்தோம். டிகாக்‌ஷன் நிறம். மூடியில் டாட் 4 என்று போட்டிருந்தது. அதே பிரேக் ஆயில் ஒரு டப்பா வாங்கி வந்தான். பெட்ரோல் டேங்க்கைத் துணியால் மூடினோம், சிந்தினால் பெயின்ட்டைத் தின்றுவிடும். கீழே பிளீடிங் நிப்பிளில் டியூப் மாட்டி, அவன் லீவரைப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூட, குமிழி குமிழியாக வந்தது. கப்பில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தோம். அரை மணி வேலை. பிறகு கியரில் லீவரைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றான். வண்டி அசையவில்லை, ஸ்லேவ் பக்கம் கசிவும் இல்லை. அப்படியானால் சீல்களும் நன்றாகவே இருக்கின்றன.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பஸ் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே குறைக்கு ஒரு வண்டியின் கியர்பாக்ஸையே இறக்க வைத்தேன். இரண்டு பையன்கள் ஒரு நாள் முழுக்க முதுகு ஒடியப் பாடுபட்டார்கள். கடைசியில் போயிருந்தது ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் சீல். அன்று ஃபோர்மேன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

பிளேட்டும் கெடும், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் ஆயில், அடுத்து காற்று, அப்புறம் சீல், ஹோஸ். அதன் பிறகுதான் ஸ்பேனரோடு இஞ்சின் பக்கம் போகலாம்.

உங்கள் வீட்டுப் பையனிடமும் யாராவது இஞ்சினைப் பிரிக்கணும் என்றால், “ஆயிலைப் பார்த்தீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். கேட்டதற்கு அவர் கோபித்துக்கொண்டால் வேறு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.