அனாமலி என்றால் கோளாறா?

ஆபீஸ் நண்பர் ஒருவரின் மனைவிக்கு ஐந்தாம் மாதம். "நாளைக்கு அனாமலி ஸ்கேன்மா" என்று ஊருக்குப் போன் போட்டிருக்கிறார். "அப்படின்னா என்னப்பா?" என்று அம்மா கேட்க, இவர் அவசரத்தில் "கோளாறு பாக்குற ஸ்கேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அன்று ராத்திரி அந்த அம்மாவுக்குத் தூக்கம் போச்சு.

கிரேக்கத்தில் 'நோமோஸ்' என்றால் சட்டம். அதனால் அனாமலி என்பது சட்டத்தை மீறியது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. மூலச்சொல் 'ஹோமலோஸ்', அதாவது சமதளமானது. முன்னால் 'அன்' சேர்ந்தால் சமமில்லாதது. நம் 'அனாவசியம்' என்பதில் வரும் 'அன்'னுக்கு இது உறவுக்காரன்தான். ஆக, அனாமலி என்றால் மேடுபள்ளம். குற்றமும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

மேடுபள்ளம் தெரிந்தால் என்ன செய்வோம்? நின்று பார்ப்போம். யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று ல வெரியே கணக்குப் போட, 1846-இல் நெப்டியூன் கிடைத்தது. 1859-இல் அவரே புதனிலும் ஒரு பிசகைக் காட்டினார். அங்கேயும் புதுக் கோள் தேடினார்கள், கிடைக்கவில்லை. நூற்றாண்டுக்கு வெறும் 43 விகலை உதைத்த அந்தக் கணக்கை 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் நேர் செய்தது. முதல் தடவை ஒரு கோள் விட்டுப்போயிருந்தது, அடுத்த தடவை நியூட்டனின் விதியே போதவில்லை. புதன்மேல் தப்பே இல்லை!

ஸ்கேனும் அப்படித்தான். 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மூளையில் கோராய்டு பிளெக்சஸ் பகுதியில் சின்ன நீர்க்கட்டி தெரியலாம். வேறு குறி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். சில சமயம் நிஜமாகவே பெரிய பிரச்சினையும் தெரியவரும், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அடுத்த பரிசோதனையும் டாக்டரும்தான். ஸ்கேனின் பெயர் அல்ல.

அதனால் வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனில் ஒற்றை வார்த்தையில் மொழிபெயர்க்காதீர்கள். "எல்லாம் ஒழுங்கா வளருதான்னு பாக்குறாங்கம்மா" என்று சொல்லுங்கள். கிரேக்க மூலத்துக்கும் அதுதான் பக்கம், அம்மாவின் தூக்கத்துக்கும் அதுதான் நல்லது.