தோற்பவரும் ஆடட்டும்

நுழையும்முன்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது, உள்ளத்தையும் பண்படுத்துவது. திடலில் ஆடிய விளையாட்டுகள் இன்று திரைக்கும் வந்துள்ளன. வெல்வதற்காக ஆடுவதா, சேர்ந்து வளர்வதற்காக ஆடுவதா என்னும் வினா இரண்டு இடங்களிலும் எழுகிறது. அதற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

திடலின் ஓரத்தில்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், முந்திரித் தோப்புகளும் செம்மண் நிலமும் சூழ அமைந்த ஊர் இடையஞ்சாவடி. 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆரோவில் இதன் அருகில் உள்ளது. கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வெண்மையாய் விரியும். இப்பகுதிச் சிற்றூர்களில் மாலைப்பொழுது திடலுக்கு உரியது. அங்கே ஆடுவோரைப் பார்க்கும் கண்கள், ஓரத்தில் அமர்ந்திருப்போரைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஓட்டத்தில் பின்தங்கியவர், முதல் சுற்றிலேயே வெளியேறியவர், அணியில் சேர்க்கப்படாதவர் எனப் பலர் அங்கிருப்பர். உடற்பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ, அவரே முதலில் ஓரத்திற்குச் செல்கிறார்.

இளையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினருள் ஐவரில் நால்வர் அந்த அளவை எட்டவில்லை என 2019இல் வெளியான அந்நிறுவன ஆய்வு கூறுகிறது.

திரை சொல்லும் செய்தி

அமர்ந்த இடத்திலேயே விரல்களை மட்டும் அசைக்கும் காணொளி விளையாட்டுகளே பலரும் அறிந்தவை. உடலை அசைத்தே ஆடும் விளையாட்டுகளும் உள்ளன. 1998இல் ஜப்பானில் அறிமுகமான ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’, 2006இல் வந்த ‘வீ ஸ்போர்ட்ஸ்’ ஆகியவை இவ்வகையின.

இவ்வகை விளையாட்டைக் கொண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. எடை மிகுந்த 54 இளையோர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் துணைவரோடு ஒத்துழைத்து ஆடினர். மற்றொரு குழுவினர் போட்டியிட்டு ஆடினர். மூன்றாம் குழுவினர் ஆடவில்லை. 20 வாரங்களுக்குப் பின், ஒத்துழைத்து ஆடியோர் எடை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. போட்டியிட்டு ஆடியோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. எனினும், திட்டமிட்டுச் செயலாற்றும் மூளைத்திறன் போட்டியிட்டு ஆடியோரிடம் மேம்பட்டது. போட்டியை அடியோடு வெறுக்க இடமில்லை என்பதையும் இது உணர்த்துகிறது.

2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், முன்கைகளை ஊன்றி உடலைத் தாங்குவது போன்ற பயிற்சிகளைச் சிலர் தனியே செய்தனர். சிலர், தம்மைவிடச் சற்று வலியவரான துணைவரைத் திரையில் கண்டவாறு செய்தனர். துணையோடு செய்தோர் ஏறத்தாழ 24 விழுக்காடு கூடுதல் நேரம் தாங்கினர். தன்னால் மற்றவர் தாழ்ந்துவிடக் கூடாது என்னும் எண்ணத்திற்கும் தசைகளைத் தாங்கிப்பிடிக்கும் ஆற்றல் உண்டு.

சடுகுடு கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மை தமிழருக்குப் புதிதன்று. கும்மியிலும் கோலாட்டத்திலும் தோற்பவர் இல்லை. ஒருவர் அடி பிறழ்ந்தால் அனைவரும் நிதானித்து அவரைச் சேர்த்துக்கொள்வர். போட்டியே உயிராகிய சடுகுடுவிலும் ஒத்துழைப்பு உறைந்திருக்கிறது. மூச்சை அடக்கிப் பாடிச் செல்பவர் தனியர். அவரை மடக்குவோர் கைகோத்த குழுவினர். எதிரணியினர் ஒருவரை வெளியேற்றினால், ஏற்கெனவே வெளியேறிய தம் அணியினர் ஒருவர் மீண்டும் களம் புகுவார். தோழரை மீட்பதும் வெற்றியே என்பதை விதியாகவே வகுத்துள்ளது இவ்விளையாட்டு.

எது நல்ல விளையாட்டு?

போட்டியின்றித் திறன் கூர்மையாகாது என்பர் சிலர். அக்கூற்று உண்மையே. ஆயின், போட்டி நிகரானோரிடையே நிகழும்போதுதான் திறன் வளரும். என்றும் வெல்பவரும் என்றும் தோற்பவரும் மோதினால், முன்னவர் எதையும் கற்பதில்லை. பின்னவர் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார். எனவே, பள்ளித் திடலில் அணிகள் வாரந்தோறும் மாறட்டும். மிக மெதுவாக ஓடுபவரின் நேரமும் அணியின் கணக்கில் சேரட்டும். ஒவ்வொருவரும் தம் நேற்றைய அளவை இன்று கடக்கட்டும்.

போட்டி உடலை ஒருநாள் விரைவுபடுத்தும்; தோழமை அதனை மறுநாளும் திடலுக்கு அழைத்து வரும். முதலில் வந்தவர் யார் என்று கேட்பதோடு விளையாட்டின் மதிப்பீடு முடிந்துவிடுவதில்லை. ஆட்டம் முடியும்வரை எத்தனை பேர் களத்தில் இருந்தனர் என்பதே கேட்கவேண்டிய வினா. திடலின் ஓரம் வெறுமையாகும் நாளே அவ்வூரின் வெற்றி நாள்.