முதலில் ஊசியைப் பாருங்கள்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வீதியொன்றில் வசிக்கும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஏழு இசைத்தட்டுகள். பாட்டனாரின் பழைய மரப்பெட்டிக்குள் கிடந்தவையாம். பாட்டியாருக்கு அவற்றை மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டுமென்று ஆசை. பேரனுக்கோ தானும் ஓர் இசைத்தட்டுச் சேகரிப்பாளராக வேண்டுமென்று ஆவல். "ஐயா, எந்தப் பொறியை வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டு, கைத்தொலைபேசியில் ஒரு படத்தையும் காட்டினார். சிறிய பிரயாணப் பெட்டி போன்ற அழகான றெக்கோட் பிளேயர். ஒலிபெருக்கியும் உள்ளேயே இருக்கிறது, விலையும் குறைவு.

"வாங்கிவிட்டீரா, தம்பி?" என்று கேட்டோம்.

"இன்னும் இல்லை, ஐயா."

"நல்லவேளை!" என்றோம்.

அவருக்கு அன்று சொன்னவற்றையே வாசக அன்பர்களுக்கும் இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம். இப்போது பல வீடுகளில் இளைஞர்கள் பரணிலிருந்து பழைய தட்டுகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய காரியந்தான். ஆயினும் ஆர்வத்தில் அவசரம் கலந்தால், தாத்தா பாதுகாத்ததைப் பேரன் அழித்துவிட நேரும்.

அழித்த கதை நம்முடையதும் ஒன்று உண்டு. சிறு பிராயத்தில், வீட்டிலிருந்த சாவி கொடுக்கும் கிராமபோனில், அத்தையின் திருமணத்துக்குப் பரிசாக வந்த நீள்நேரத் தட்டு ஒன்றை யாருமறியாமல் வைத்து ஓட்டினோம். நிமிடத்துக்கு 33 முறை சுழல வேண்டிய தட்டு 78 முறை சுழன்றது. பாடகர் கிளிபோலக் கீச்சிட்டார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். பின்னர் உரிய பொறியில் அத்தட்டை வைத்தபோது, முதற்பாட்டு இருந்த இடத்தில் இரைச்சலே மிஞ்சியிருந்தது. அத்தை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தட்டை உறையிலிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். ஏசியிருந்தால் அன்றே மறந்திருப்போம்.

பாட்டு ஏன் அழிந்தது? பழைய 78 சுழற்சித் தட்டு அரக்கினாலும் கற்பொடியினாலும் ஆனது. அதன் சால் அகலமானது. கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாரத்தோடு உருக்கு ஊசியை அச்சாலில் அழுத்தும். தட்டிலுள்ள கற்பொடியே ஊசியை அராவித் தனக்கேற்ற வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவேதான் அக்காலத்தார் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை மாற்றினார்கள். அங்கே தேய வேண்டியது ஊசி. அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1948இலே வெளியிட்ட நீள்நேரத் தட்டோ வினைல் என்னும் மெதுவான பிளாஸ்டிக்கில் ஆனது. சாலும் மயிரிழை போன்றது. அதில் உருக்கு ஊசியை ஏற்றினால் தேய்வது தட்டுத்தான். நாம் செய்த பிழை இதுவே.

ஆகையால் பொறியைப் பற்றிக் கேட்குமுன், நம்மிடம் இருக்கும் தட்டுகள் எவை என்று பார்த்தல் வேண்டும். மாணவரின் பையிலிருந்தவற்றை மேசையில் பரப்பினோம். மூன்று தட்டுகள் கனமானவை. விழுந்தால் ஓடுபோல உடைபவை. அவை 78 சுழற்சித் தட்டுகள். மூன்று, பன்னிரண்டு அங்குல நீள்நேரத் தட்டுகள். எஞ்சிய ஒன்று ஏழு அங்குலச் சிறு தட்டு. நிமிடத்துக்கு 45 முறை சுழல்வது. இவ்வகையை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இலே அறிமுகப்படுத்தியது. இலங்கையின் பொப் பாடல்கள் பலவும் இத்தகைய சிறு தட்டுகளில்தான் வீடுகளுக்குள் நுழைந்தன.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருமலைச் சகோதரர்களான பரமேஸ், கோணேஸ் ஆகியோரின் தமிழ்ப் பொப் பாடல்களும் இசைத்தட்டில் ஏறியவையே. சென்னையிலும் பம்பாயிலும் பெருந்தொகையாக வெளியான திரைப்பாடலை இன்று எங்கும் கேட்கலாம். ஒரு தட்டுத் தேய்ந்தால் ஆயிரம் பிரதி உண்டு. நம் ஊரார் குறைந்த தொகையில் வெளியிட்ட தட்டுக்கு அந்த வசதி இல்லை. போர்க்கால இடப்பெயர்வும், 2004 திசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும் இக்கரையோர வீடுகளிலிருந்து எத்தனையோ பெட்டிகளைக் கொண்டுபோயின. தப்பிக் கிடக்கும் ஒரு தட்டு, உலகில் எஞ்சிய சில பிரதிகளுள் ஒன்றாக இருக்கக்கூடும். அதை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நாம் சிறிது செலவழிக்கிறோம். அச்செலவைக் குறைப்பதே முதற்பொறியின் முதற்கடமை. இனிமையும் அலங்காரமும் அதற்குப் பிறகுதான்.

இனி ஊசிக்கு வருவோம். 78 சுழற்சித் தட்டுக்குரிய ஊசிமுனையின் ஆரை ஏறக்குறைய 75 மைக்ரோன். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் எழுபத்தைந்து கூறு. நீள்நேரத் தட்டுக்கு 25 கூறு போதும். இரட்டை ஒலித் தட்டான ஸ்டீரியோவுக்கு 18 கூறு. சிறு ஊசியைப் பெருஞ்சாலில் விட்டால் அது அடியிலே கிடந்து குப்பையைக் கிளறும். பேரூசியைச் சிறு சாலில் விட்டால் சுவரை உடைக்கும். 1950களிலும் 60களிலும் வந்த ரேடியோகிராம்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். ஊசிக்கையின் நுனியில் சிறிய நெம்பு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் 78க்கு ஓர் ஊசி, மறுபுறம் திருப்பினால் நீள்நேரத் தட்டுக்கு வேறோர் ஊசி. அன்றைய பொறியாளர் வேண்டாத வேலையாக அதை வைக்கவில்லை. பெட்டியில் 78 என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அதற்குரிய ஊசியும் பொருந்துமா என்று கேட்டறிக.

அடுத்தது ஊசியின் பாரம். மாணவர் காட்டிய பிரயாணப் பெட்டி வகையில் பெரும்பாலும் பீங்கான் காட்ரிட்ஜ் இருக்கும். காட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு கூடு. பீங்கான் வகை ஐந்தாறு கிராம் பாரத்தோடு தட்டில் அமரும். காந்தக் காட்ரிட்ஜுக்கு இரண்டு முதல் மூன்றரைக் கிராம் போதும். ஐந்து கிராமா பெரிதென்று எண்ண வேண்டா. ஊசிமுனை தட்டைத் தொடும் இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிது. அத்தனை பாரமும் அப்புள்ளியிலேதான் விழுகிறது. ஊசி எதனால் ஆனதென்பதும் முக்கியம். நீலக்கல் ஊசி ஏறக்குறைய ஐம்பது மணிநேரத்தில் தேய்ந்துவிடும். வைர ஊசி ஐந்நூறு மணிநேரத்துக்கு மேலும் உழைக்கும். தேய்ந்த ஊசி உளியாகிவிடும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினானாம். பொறிக்குப் பணம் கொடுத்துவிட்டு ஊசிக்குக் கணக்குப் பார்ப்பதும் அத்தகையதே. மாற்றூசி எளிதாகக் கிடைக்காத பொறியை இலவசமாகத் தந்தாலும் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது மின்சாரம். இது துறைமுக ஊரார் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. கப்பலில் வந்த சாமான் என்றால் நமக்கு எப்போதும் ஒரு மயக்கம். பிரித்தானியக் கடற்படைத்தளம் 1957இலே நம்மவர் கைக்கு மாறிய பின்னரும் அம்மயக்கம் மாறவில்லை. ஜப்பானில் பாவித்த பழைய பொருள்கள் இன்றும் நம் நாட்டுச் சந்தைக்கு வருகின்றன. அவற்றுள் அருமையான இசைத்தட்டுப் பொறிகளும் உண்டு. ஆனால் ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ற்று, இங்கே 230. நேரே செருகினால் புகைதான் இசைக்கும். அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வாங்கினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. மேற்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மின்னோட்டம் செக்கனுக்கு 60 சுற்று. நம் நாட்டில் 50. பழைய பொறிகள் பலவற்றில் மோட்டாரின் வேகம் இச்சுற்றையே பின்பற்றும். 60க்கென்று செய்த அத்தகைய பொறியை இங்கே ஓட்டினால், 33 முறைக்குச் சிறிது மேலாகச் சுழல வேண்டிய தட்டு ஏறக்குறைய 28 முறையே சுழலும். சுருதி மூன்று சுரத்தானம் இறங்கிவிடும். பாடகியின் குரல் ஆண்குரல்போலக் கனக்கும். மோட்டாரின் கப்பியை மாற்றினால் இதைத் திருத்தலாம். அதற்குரிய கப்பி கிடைக்குமா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். புதிய பொறிகளுள் சிறு மின்னிணைப்பியால் இயங்கும் நேரோட்ட மோட்டார் உள்ளவற்றுக்கு இத்தொல்லை இல்லை.

நான்காவது, ஒலியைப் பெருக்குதல். காந்தக் காட்ரிட்ஜ் தரும் மின்சாரம் ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்கே. மேலும், சால் இடங்கொள்ளாமல் போகுமென்று தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும், இரைச்சல் மறையும் பொருட்டு உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்கிச் சரிப்படுத்த வேண்டும். அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்கள் 1954இலே ஒப்புக்கொண்ட அளவு பின்னர் உலக வழக்காயிற்று. அவ்வேலையைச் செய்யும் முன்பெருக்கி பொறிக்குள்ளேயே இருந்தால், சாதாரண ஒலிபெருக்கியோடு நேரே இணைக்கலாம். தொடக்கக்காரருக்கு அதுவே வசதி. ஆனால் பொறியும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டியில் இருக்குமானால், ஒலியின் அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போய்ச் சேரும். பாட்டு எழும்ப எழும்பத் தட்டு நடுங்கும்.

பெயர் சொல்லுங்கள் என்று மாணவர் வற்புறுத்தினார். நீள்நேரத் தட்டும் 45 சுழற்சித் தட்டும் மட்டும் உள்ளவருக்கு ஓடியோ-டெக்னிக்கா எல்.பி.60 போன்ற எளிய பொறி போதும். வார்ப்பட்டியால் சுழல்வது; காந்தக் காட்ரிட்ஜும் முன்பெருக்கியும் கொண்டது; ஊசிக்கை தானே இறங்கித் தானே ஏறும். 78 சுழற்சித் தட்டுகளும் இருந்தால், அதே நிறுவனத்தின் எல்.பி.120 வகையைப் பார்க்கலாம். அது மூன்று வேகத்திலும் சுழலும், ஊசியின் பாரத்தை நாமே சரிசெய்யலாம், அதிலுள்ள வி.எம்.95 காட்ரிட்ஜுக்கு 78 தட்டுக்கென்றே தனி ஊசியும் விற்கிறார்கள். விலை கூடுதல்தான். 1972இலே வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 நல்ல நிலையில் எங்காவது கிடைத்தால் அது வேறு கதை. ஆனால் வாங்குமுன் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறி வந்த பின் எங்கே வைப்பது? உவர்மலையிலும் கரையோர வீதிகளிலும் உப்புக்காற்று இரும்பை விடாது, தட்டையும் விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டையுறை ஈரமுறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நூல்களைப்போல நிமிர்த்தி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வினைல் தட்டை விட்டால் அது அப்பளம்போல நெளியும். வினைல் தட்டைக் கழுவ வடித்த நீரும் ஒரு துளி மென்சவர்க்காரமும் போதும். 78 தட்டை மட்டும் மதுசாரத்தால் துடைக்கவே வேண்டா. அரக்கு அதிற் கரைந்துவிடும். துடைத்த துணியில் பாட்டு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் கேட்ட மாணவர் முகம் வாடினார். "இப்போது அவ்வளவு பணம் இல்லை, ஐயா" என்றார். இல்லையென்றால் பொறுக்கலாம், தம்பி, என்றோம். அதுவரை ஏழு தட்டுகளையும் துடைத்துப் புதிய உறையிலிட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவைக்கும்படி சொன்னோம். அவற்றுள் ஒரு 78 தட்டின் நடுத்தாள் அழிந்துவிட்டது. பாடியவர் யாரென்று தெரியவில்லை. பாட்டியாரிடம் காட்டினாராம். மூதாட்டி தட்டைக் கையில் வாங்கி, விளிம்பிலிருந்த ஒரு சிறு வெடிப்பைத் தடவிப் பார்த்து, பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் சொல்லிவிட்டாராம். கொப்பியில் அதுவே முதற்பதிவு.

சேகரிப்பு அன்றே தொடங்கிவிட்டது. அறுபது ஆண்டு காத்திருந்த தட்டு இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும். பாட்டியாரைத்தான் நெடுநாள் காக்க வைக்கக்கூடாது. ஆகவே, வீட்டிலுள்ள பெரியவர்களே, இந்த ஆண்டு பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாட் பரிசு என்ன வாங்கலாமென்று யோசிப்பீர்களானால், நாலு பேர் பணம் சேர்த்து நல்ல பொறி ஒன்றாக வாங்கிக் கொடுங்கள். கடையில் வைத்து முதலில் ஊசியைப் பாருங்கள். பெட்டியின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.